நாடா ஒலிவாங்கி: குறையே நிறையான வரலாறு

இசைக்கருவியில் பிறக்கும் நாதம் இசைத்தட்டையோ வானொலியையோ அடைவதற்கு முன் ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டும். அவ்வாயில்தான் ஒலிவாங்கி. எதனை உள்ளே விடுவது, எதனைத் தடுப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது. பதிவு முடிந்த பின்னர் அம்முடிவை மாற்ற வழியில்லை. வாசித்த கலைஞர் மறைந்து, கூடிக் கேட்டவர்களும் மறைந்த பிறகு, அன்று அந்த ஒலிவாங்கி கேட்டது எதுவோ அதுவே பின்வரும் தலைமுறையினருக்கு எஞ்சும். ஆகவே, எந்த ஒலிவாங்கியைத் தெரிவது, அதனை எங்கே நிறுத்துவது என்னும் வினாக்கள் இசை வரலாற்றுக்கும் உரியனவாம். இவ்வகையில், நாடா ஒலிவாங்கியின் கதை அறியத்தக்கது.

தோற்றம்

1925ஆம் ஆண்டில் மின்முறைப் பதிவு பரவும் வரை, கலைஞர்கள் ஒரு பெரிய கொம்புக் குழலின் முன் நெருங்கி நின்று வாசித்தனர். மின்முறை வந்ததும் குழல் மறைந்து ஒலிவாங்கி வந்தது. ஆனால் தொடக்கக் கால ஒலிவாங்கிகள் குறையற்றவை அல்ல. 1920களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் பயன்படுத்திய ரெய்ஸ் வகை ஒலிவாங்கியில் கரித்துகள்கள் நிரப்பப்பட்டிருந்தன. அத்துகள்கள் எழுப்பிய ஓயாத சீறல், மெல்லிய இசைக்குப் பின்னால் எப்பொழுதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1920களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் சீமன்ஸ் நிறுவனத்தில் வால்டர் ஷாட்கி, எர்வின் கெர்லாக் ஆகிய இருவரும் புதியதொரு வழியைக் கண்டிருந்தனர். மிக மெல்லிய அலுமினிய நாடா ஒன்றைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே தொங்கவிட்டால், ஒலியால் அசையும் காற்றுடன் அதுவும் அசையும்; காந்தப் புலத்தில் அசைவதால் அதில் சிறு மின்னோட்டம் பிறக்கும். கருத்து எளிது, ஆயினும் அதனைக் கைக்கு அடக்கமான கருவியாக்க வலிய காந்தம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஆல்சன் அப்பணியை நிறைவேற்றினார். 1931இல் பி.பி. 31 என்னும் ஒலிவாங்கியும், அடுத்த ஆண்டில் புகழ்பெற்ற 44ஏ ஒலிவாங்கியும் வெளிவந்தன.

இரு கண், இரு செவிடு

நாடாவின் முன்புறமும் பின்புறமும் காற்றுக்குத் திறந்திருக்கும். முன்னிருந்து வரும் ஒலியும் பின்னிருந்து வரும் ஒலியும் அதனை ஒரே அளவில் அசைக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியோ நாடாவின் இரு முகங்களையும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்துடன் தொடுவதால், நாடா அசைவதில்லை. எனவே, அதன் கேட்கும் திறனைப் படமாக வரைந்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் கிடைக்கும்.

இது குறைபோலத் தோன்றினும் பெரும் நன்மையாயிற்று. எல்லாத் திசையிலும் கேட்கும் ஒலிவாங்கியோடு ஒப்பிட்டால், நாடா வகை அறையின் எதிரொலியில் மூன்றில் ஒரு பங்கையே வாங்குகிறது. ஆகவே, அதனை ஏறத்தாழ 1.7 மடங்கு தொலைவில் வைத்தாலும் இசைக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் மாறாது. எதிரொலி மிகுந்த திரைப்படக் கூடங்களில் இதன் அருமை விரைவில் உணரப்பட்டது.

விலை தந்த தூண்டுதல்

லண்டனில் ஒலிபரப்புக் கழகத்தின் பொறியாளர்கள் அமெரிக்க ஒலிவாங்கியின் சிறப்பை அறிந்திருந்தனர். ஆனால் அதன் விலை நூறு பவுனைத் தாண்டியது. எத்தனையோ அரங்குகளுக்கு அவ்விலை கொடுத்து வாங்க இயலுமா? வாங்க இயலாததைச் செய்து பார்ப்பது என்று அவர்கள் துணிந்தனர். மார்க்கோனி நிறுவனத்துடன் சேர்ந்து 1934இல் உருவாக்கிய 'டைப் ஏ' ஒலிவாங்கியை 9 பவுன் அளவில் செய்து முடித்தனர். நாளடைவில் அதன் உருவமே அக்கழகத்தின் அடையாளமாயிற்று.

நாடக அரங்கில் நடிகர்கள் அதன் இருபுறமும் எதிரெதிரே நின்று பேசினர். ஒருவர் விலகிச் செல்வதுபோலக் காட்ட வேண்டுமாயின், செவிட்டுப் பக்கமாக நகர்ந்தாலே போதும். குரல் தானே தேய்ந்து மறையும்.

இதற்கு அடுத்த பெரும்படி 1950களில் எடுத்து வைக்கப்பட்டது. கழகத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஷார்ட்டர், ஹார்வுட் ஆகியோர் சிறியதும் எடை குறைந்ததுமான ஒலிவாங்கி ஒன்றை அமைத்தனர். எஸ்.டி.சி. நிறுவனம் அதனை 4038 என்னும் எண்ணுடன் விற்றது. இன்று கோல்ஸ் என்னும் பெயரில் அது தொடர்ந்து செய்யப்படுகிறது. அதன் நாடாவின் கனம் 0.6 மைக்ரான், மனிதரின் தலைமயிரில் நூறில் ஒரு பங்கு எனலாம்.

நிறுத்தும் கலை

நாடா ஒலிவாங்கியை நிறுத்துவதில் நான்கு நெறிகள் உண்டு. முதலாவது, தொலைவு. கருவியை நெருங்க நெருங்கத் தாழ்ந்த சுரங்கள் அளவுக்கு மீறிப் பருக்கும். கிதாரின் ஒலித்துளைக்கு எதிரே மிக அருகில் வைத்தால் குமுறல் ஒலியே மிஞ்சும். சற்று விலக்கி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி வைத்தால் தந்தியின் தெளிவு கிட்டும்.

இரண்டாவது, கருவியின் இயல்பு. நாடா உச்ச ஒலிகளைக் கூர்மையாக்காமல் இயல்பாக வாங்கும். ஆதலால் வயலின் வில்லின் உரசலும் டிரம்பெட்டின் வெடிப்பும் செவியைக் குத்துவதில்லை. ஆனால், தானே மங்கலாக ஒலிக்கும் கருவிக்கு இது ஏற்றதன்று.

மூன்றாவது, செவிட்டுப் பக்கத்தைப் பயன்படுத்துதல். இரு கருவிகள் அருகருகே வாசிக்கும்போது, வேண்டாத கருவியை அப்பக்கத்தில் இருக்குமாறு திருப்பிவிட்டால், சுவர் எழுப்பாமலே சுவர் எழுப்பியதாகும். அதே வேளையில் பின்புறமும் கேட்கும் என்பதை மறத்தலாகாது. பின்னால் வெறுஞ்சுவர் நெருங்கியிருந்தால் அதன் எதிரொலியும் பதிவாகும்.

நான்காவது, பாதுகாப்பு. பலத்த காற்று நாடாவை நீட்டிக் கெடுத்துவிடும். அதனை ஊதிச் சோதிப்பது பெரும்பிழை. நெடுநாள் வைத்திருக்கும்போது நாடா தொய்யாதிருக்க நிமிர்த்தியே வைத்தல் வேண்டும்.

இரண்டு நாடாக்கள்

ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமையில், இத்தகைய இரு ஒலிவாங்கிகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிறுத்தினால், இசைக்குழுவில் யார் எந்த இடத்தில் அமர்ந்துள்ளனர் என்பதைக் கேட்போர் உணரலாம் என்று விளக்கினார். இன்றைய ஸ்டீரியோ முறைக்கு அடித்தளமானவற்றுள் அதுவும் ஒன்று. அதன் பெருவெற்றியை அவர் காணவில்லை. 1942 ஜூன் 7 அன்று, ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் உயிரிழந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வணிகமுறையில் பரவியது 1958 முதலே.

மறைவும் மீட்சியும்

போருக்குப் பின், அதிக மின்னாற்றல் தரும் கன்டென்சர் ஒலிவாங்கிகள் பெருகின. அவற்றின் பளிச்சிடும் உச்ச ஒலியும் வலுவான வெளியீடும் நாடாவைப் பின்னுக்குத் தள்ளின. ஆர்.சி.ஏ.யும் 1970களில் இவ்வுற்பத்தியைக் கைவிட்டது. ஆனால் எண்முறைப் பதிவு வந்தபோது நிலை மாறியது. ஒலிநாடா முன்னர் மழுக்கித் தந்த கூர்மைகளை எண்முறை அப்படியே காட்டிற்று. பளிச்சிட்டவை குத்தத் தொடங்கின. பழைய நாடா ஒலிவாங்கிகளைப் பொறியாளர்கள் மீண்டும் தேடினர். 1990களின் பிற்பகுதியில் புதிய நிறுவனங்கள் வலிய நியோடிமியக் காந்தங்களைக் கொண்டு அவற்றைச் செய்யலாயின.

பக்கவாட்டில் கேளாமை, உச்ச ஒலியில் அடக்கம் என்று குறைகளாக எண்ணப்பட்டவையே இக்கருவியை வாழ வைத்தன. எல்லாவற்றையும் கேட்கும் செவியைவிட, எதனைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து திருப்பப்பட்ட செவி இசைக்கு மிகுந்த தொண்டு புரிந்துள்ளது. திருப்பும் கை தேர்ந்ததாக இருந்த இடங்களில்தான், மறைந்த கலைஞர்களின் நாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது.