கழுதைப் பாலம்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "சயின்ஸ் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா?" கணக்கு வராதவர்கள் போகிற இடம் ஆர்ட்ஸ் என்ற எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. ஆனால் கேம்பிரிட்ஜில் கணிதம் படிப்பவர் இன்றும் வாங்குவது பி.ஏ. பட்டம்தான். கலைகளில் ஒன்றாகத்தான் கணிதம் அங்கே நுழைந்தது. அது நடந்து வந்த வழியைச் சொல்ல ஒரு முக்கோணம் போதும்.

இரு பக்கங்கள் சமமாக இருந்தால் அடிக்கோணங்களும் சமம். பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததுதான். கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' நூலில், முதல் பாகத்தின் ஐந்தாம் தேற்றம் இது. கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே என்று அவர் விடவில்லை. இரு பக்கங்களையும் கீழே நீட்டி, குறுக்கே கோடுகள் இழுத்துப் பாலம்போல ஒரு படம் போட்டு நிரூபித்தார். பல நூற்றாண்டுகள் கழித்து அதே ஊரின் பாப்பஸுக்கு எந்தக் கோடும் தேவைப்படவில்லை. முக்கோணத்தை மனத்தில் திருப்பிப் போட்டு, அதன் மேலேயே வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் கச்சிதமாக உட்காரும். முடிந்தது! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காத நிரூபணம் இது.

கி.பி. 500 வாக்கில் ரோமானிய அறிஞர் போயத்தியஸ் எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் நான்குக்கும் 'குவாட்ரிவியம்', அதாவது நாற்சந்தி, என்று பெயரிட்டார். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை மூன்றும் சேர, ஏழு கலைகள். அடிமையல்லாத மனிதருக்கு உரிய கல்வி என்பதால் 'லிபரல்' என்ற அடைமொழி. பெயர் நிலைத்தது, சரக்குதான் தொலைந்துபோனது. மேற்கு ஐரோப்பாவில் மிஞ்சிய யூக்ளிடில் தேற்றங்கள் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமலே கிடந்தன.

முழு நூலும் பாக்தாதில் பத்திரமாக இருந்தது. கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் காலத்தில் அல் ஹஜ்ஜாஜ் அதை அரபிக்குக் கொண்டுவந்தார். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்து அடிலார்ட் அரபியிலிருந்து லத்தீனுக்கு மாற்றினார். கிரேக்கர் எழுதியதை ஐரோப்பா அரபியரிடமிருந்து திரும்பப் பெற்றது. அடுத்த நூற்றாண்டிலேயே ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேக்கன், மாணவர்கள் ஐந்தாம் தேற்றத்தோடு ஓட்டம் பிடிக்கிறார்கள் என்று வருந்துகிறார். பின்னாளில் அதற்குக் 'கழுதைப் பாலம்' என்றே பெயர் விழுந்தது. 1482இல் வெனிஸில் அச்சகர் ரத்டோல்ட் அதைப் படங்களோடு அச்சிட, நூல் பல ஊர்களுக்கும் பரவியது.

அந்த ஏழு கலைகளின் மரபு அமெரிக்காவிலும் தொடர்ந்தது. 1828இல் அங்குள்ள யேல் கல்லூரி, எந்தத் தொழிலுக்குப் போகிறவரானாலும் மனப்பயிற்சிக்குக் கிரேக்கமும் லத்தீனும் கணிதமும் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. இரண்டே ஆண்டில் அங்கே கலகம். கூம்பு வெட்டுப் பாடத்தில், புத்தகத்துப் படத்தைப் பார்த்து விளக்கிப் பழகிய மாணவர்களிடம், கரும்பலகையில் நீங்களே வரையுங்கள் என்றார்கள். மறுத்த 43 பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த அமெரிக்கப் படிப்பு அப்போதே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருந்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். அங்கே யூக்ளிடும் வானியலும் தமிழ் இலக்கியமும் ஒரே மாணவனுக்கான பாடங்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவருமே அங்கே படித்தவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. தமிழில் இயற்கணித நூல் எழுதினார். மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஏட்டுக்கு ஏடு பாடம் ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர்.