உதட்டில் ஒன்று, கன்னத்தில் ஒன்று

வாய்ப்புற்று என்றால் நம் பக்கத்தில் கன்னத்தின் உட்புறம்தான் ஞாபகம் வரும். கீழ் உதட்டில் புற்று வந்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. பழைய ஐரோப்பிய மருத்துவர்களோ உதட்டுப் புற்றை நன்றாக அறிந்திருந்தார்கள். வாய் எல்லோருக்கும் ஒன்றுதான். நோய் வரும் இடம் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

1795இல் சோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் இதற்கு ஒரு விடை எழுதினார். சுங்கான் பிடிப்பவர்களுக்குக் கீழ் உதட்டில் புற்று அதிகம். சுங்கானுக்கும் பல்லுக்கும் நடுவில் அந்த உதடு நசுங்குகிறது என்றார். புகையிலையையும் புற்றையும் சேர்த்துப் பேசிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. அந்தக் காலத்துச் சுங்கான் பெரும்பாலும் சுட்ட களிமண். சூட்டோடு ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்.

சுங்கான் மட்டும் காரணமல்ல என்பது பின்னால் தெரிந்தது. உதட்டுப் புற்றில் பத்துக்கு ஒன்பது கீழ் உதட்டில்தான். வெள்ளைத் தோல் உடையவர்களில், வெளியில் நின்று வேலை செய்யும் ஆண்களுக்கு அதிகம். மேல் உதட்டுக்கு மூக்கின் நிழல் உண்டு. கீழ் உதடு வானம் பார்த்த பூமி. 1975இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று, மீன்பிடித் தொழிலுக்கும் உதட்டுப் புற்றுக்கும் தொடர்பு கண்டது. நம் கடற்கரைக்காரர்களும் வெயிலில்தானே கிடக்கிறார்கள்? அவர்களைக் காப்பது தோலின் கருமை. (கறுப்பு என்று பெண் பார்க்கப் போன இடத்தில் முகம் சுளித்தவர்கள் கவனிக்க.)

நம்மவருக்கு வினை வெயில் படாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதை விரிவாக எழுதியவர் எங்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஐ.எம். ஓர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன சோமர்வெல் டாக்டர் அறுவை செய்த அதே ஆஸ்பத்திரி. நெய்யூர் அப்போது திருவிதாங்கூர். 1956க்குப் பிறகுதான் தமிழ்நாடு. 1933இல் லண்டன் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையில், வெற்றிலை முறுக்குகிறவர்களின் வாய்ப்புற்றை அவர் ஆராய்ந்திருந்தார். முறுக்கானை எந்த இடத்தில் ஒதுக்குகிறார்களோ அங்கேயே புண். புகையிலையின் பங்கையும் எடுத்துச் சொன்னார். திருவிதாங்கூருக்கு அந்நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து புகையிலை வந்தது. அங்கே அதற்கு 'மலையாளம் புகையிலை' என்றே பெயர்.

எங்கள் பாட்டி இரவில் இடது கன்னத்தில் போயிலைத் துண்டை ஒதுக்கிவிட்டுத்தான் பாயில் சாய்வாள். அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. "வலி இல்லையே" என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டாள். வலி வந்தபோது கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. உதட்டுப் புண் என்றால் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். சீக்கிரம் வெட்டி எடுத்துப் பிழைக்கிறவர்கள் அதிகம். கன்னத்துக்குள் யார் விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள்? மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், முன்போல் வாய் திறக்காமை, இவற்றுக்கு இன்று எந்தப் பல் டாக்டரும் உடனே வரச் சொல்வார்.

ஆந்திராவில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களுக்குப் புற்று மேலண்ணத்தில்.

புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு தோஷமில்லை என்று நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்று உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாத தாம்பூலத்தையும், வெறும் பாக்கையுமே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இப்போது வெற்றிலைச் செல்லம் வீடுகளில் குறைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பையன்கள் பொட்டலப் புகையிலையைக் கசக்கிக் கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கிறார்கள். சோமரிங் பார்த்த அதே உதடு, உட்பக்கம்.