ஃபெயிலான பையனுக்குப் பத்தாயிரம்

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கிளார்க். வயது 25. மாதச் சம்பளம் 30 ரூபாய். படிப்பு? மெட்ரிகுலேஷன். அதற்கு மேல் எஃப்.ஏ.வில் முட்டி மோதிப் பார்த்தார். ம்ஹும். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால், இருந்த ஸ்காலர்ஷிப்பும் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பரீட்சை எழுதினார். அங்கேயும் ஃபெயில்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு, கண்டிப்புக்குப் பேர்போன சென்னைப் பல்கலைக்கழகம் கஜானாவைத் திறந்து, கப்பலேற்றி, கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தது.

ஆள் யாரென்று புரிந்திருக்குமே? ராமானுஜனேதான். நாமகிரித் தாயார், ஹார்டிக்குப் போட்ட கடிதம், 1729 என்ற டாக்ஸி நம்பர் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் பி.காம். படித்தவன் புத்தி வேறு எங்கே போகும்? ‘அதெல்லாம் சரி, டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுத்தது?’ என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

1913 ஜனவரி 16-ம் தேதி ஹார்டிக்குக் கடிதம் போகிறது. ஹார்டி பதில் எழுதுகிறார். செய்தி சென்னையில் மெல்லப் பரவுகிறது. பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். சிம்லாவில் வானிலைத் துறைக்குத் தலைவர். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் கணித ஆசாமி. ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டினார்கள். அசந்துபோனார். உடனே பல்கலைக்கழக ரிஜிஸ்ட்ரார் டியூஸ்பரிக்கு ஒரு கடிதம்: இந்தப் பையன் சில வருடங்களாவது சோற்றுக் கவலை இல்லாமல் கணக்குப் போட ஏற்பாடு செய்யுங்கள்.

செய்யலாம்தான். ஆனால் விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சி உதவித்தொகை வேண்டுமென்றால் எம்.ஏ. முடித்திருக்க வேண்டும். இவரோ எஃப்.ஏ.வே தாண்டாதவர். சிண்டிகேட் கூட்டத்தில் வாதம் நடந்தது. உறுப்பினரான ஹைகோர்ட் நீதிபதி பி.ஆர்.சுந்தரம் அய்யர், வக்கீல் பாணியிலேயே ஒரு போடு போட்டார். பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்பிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது நம் கடமை என்றிருக்கிறதே! டிகிரி இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பையன் ஆராய்ச்சி செய்வான் என்பதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?

அவ்வளவுதான். மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தார் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். மற்றபடி எந்த வேலையும் இல்லை. துறைமுகமும் சம்பளமில்லாத லீவு கொடுத்து அனுப்பியது.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற இளம் கணித அறிஞர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மொத்தம் 21 சொற்பொழிவுகள். அவருக்கு ஹார்டி இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்: எப்படியாவது அந்த ராமானுஜனைக் கிளப்பிக் கொண்டுவா! கடல் தாண்ட மாட்டேன் என்று முதலில் மறுத்த ராமானுஜன், இந்த முறை சரி என்றார்.

ஆள் ரெடி. பணம்?

நெவில் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தொகையைக் குறிப்பிட்டே எழுதினார்: வருடத்துக்கு 250 பவுண்டு, கப்பல் கட்டணத்துக்கும் துணிமணிக்கும் 100 பவுண்டு. சிண்டிகேட் 10,000 ரூபாய் வரை தரத் தயாரானது. ஆனால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் விடவில்லை. தன்னிடம் வேலை பார்த்த கிளார்க்குக்காக, கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் செயலாளருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். அனுமதி கிடைத்தது.

ஒரு சின்னக் கணக்கு. அன்றைக்கு ஒரு பவுண்டு 15 ரூபாய். 250 பவுண்டு என்றால் 3,750 ரூபாய். மாதத்துக்கு 312 சொச்சம். துறைமுகச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு! அதுவும் கையில் ஒரு டிகிரிகூட இல்லாதவருக்கு. சும்மா சொல்லக்கூடாது, தைரியம்தான்.

மார்ச் 17, 1914. ‘நெவாசா’ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்காக வருடத்துக்கு 60 பவுண்டு கொடுத்தது. சென்னைப் பணத்தில் 50 பவுண்டு குடும்பத்துக்குப் போனது. ஆரம்பத்தில் இரண்டு வருடம் என்றிருந்த உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் நீட்டித்துக்கொண்டே போனது. 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. அதே வருடம் டிரினிட்டியின் ஃபெல்லோ. போட்ட முதலுக்கு இப்படியொரு லாபம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

சந்தோஷத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடி கையை நீட்டியது. ஊர் திரும்பியபிறகும் வருடத்துக்கு 250 பவுண்டு, நிபந்தனை கிடையாது.

ராமானுஜன் அப்போது லண்டனில் புட்னி என்ற இடத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நோயாளி. 1919 ஜனவரி 11-ம் தேதி, அங்கிருந்து டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார். நன்றி சொல்லிவிட்டு அவர் எழுதியதன் சாரம் இது: நான் ஊர் திரும்பியபின் இந்தப் பணம் எனக்கு அதிகம். என் பெற்றோருக்கு வருடத்துக்கு 50 பவுண்டு கொடுங்கள். என் அவசியச் செலவு போக மிஞ்சுவதைப் படிப்புக்குச் செலவிடுங்கள். ஏழைப் பையன்கள், அநாதைப் பையன்களின் ஸ்கூல் ஃபீஸைக் குறைக்கலாம். பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கலாம்.

அவ்வளவு நாள் வாழ வாய்க்கவில்லை. 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் போய்ச் சேர்ந்தார். வயது 32. மனைவி ஜானகிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷன் மாதம் 20 ரூபாய். அந்த அம்மாள் பல வருடம் திருவல்லிக்கேணியில் தையல் மெஷினை நம்பிப் பிழைத்தார். ஒரு மேதைக்காக விதியை வளைத்த அதே பல்கலைக்கழகம், அவர் வீட்டுக்கு என்று வந்தபோது கையைச் சுருக்கிக்கொண்டது. இந்தக் கணக்கையும் எழுதாவிட்டால் பேலன்ஸ் ஷீட் பொய்யாகிவிடும்.

ஆனாலும் எனக்கு அந்தப் புட்னி கடிதம்தான் மறக்கவில்லை. ஸ்காலர்ஷிப் போய், ஃபீஸ் கட்ட வழியில்லாமல் கும்பகோணம் கல்லூரியை விட்ட ஒரு பையன் எழுதிய கடிதம் அது.