இயற்கைத் தேர்வு: ஆக்குவதா, காப்பதா?

1859-இல் சார்லஸ் டார்வின் விளக்கிய ‘இயற்கைத் தேர்வு’ புதுமையை ஆக்குகிறதா, ஆனதைக் காக்க மட்டும் செய்கிறதா என்னும் வினா பழமையானது. ‘இயற்கைப் பாதுகாப்பு’ என்னும் பெயரே ஏற்றதாயிருந்திருக்கும் என்னும் கருத்தை, 1860-இல் அவரே புவியியலறிஞர் லயலுக்கு எழுதிய மடலில் காண்கிறோம்.

1871-இல் மைவர்ட் என்னும் கத்தோலிக்க விலங்கியலறிஞர், நிறைவுற்ற உறுப்பைத் தேர்வு காக்கும். பயன் தராத அதன் தொடக்கநிலையைக் காத்தது எது என வினவினார். இடைநிலைகளுக்கும் அவற்றிற்குரிய பயனுண்டு என்று 1872-ஆம் ஆண்டுப் பதிப்பில் டார்வின் விடையிறுத்தார். பின்னர் டி விரீஸ், புதுமையைப் பிறப்பிப்பது திடீர் மாற்றமே, தேர்வு வெறும் சல்லடையே என்றார். 1930-இல் ஃபிஷரோ, சிறு மாற்றங்களைத் தேர்வு படிப்படியாகத் திரட்டும் முறையைக் கணிதத்தால் விளக்கினார்.

1988-இல் லென்ஸ்கி தொடங்கிய பாக்டீரியச் சோதனை இவ்வழக்கில் தெளிவு தந்தது. 12 கால்வழிகளுள் ஒன்று, ஏறத்தாழ 31,500 தலைமுறைகளுக்குப் பின், உயிர்வளியுள்ள சூழலில் சிட்ரேட்டை உண்ணும் ஆற்றல் பெற்றது. முந்திய மாற்றங்கள் வழியை ஆயத்தப்படுத்தின. மரபணுத் துண்டொன்று இரட்டித்து ஆற்றலைத் தந்தது. தேர்வு அதனைப் பெருக்கிச் செம்மைப்படுத்திற்று.

ஆகவே, தனி மாற்றத்தைத் தேர்வு ஆக்குவதில்லை. ஆயினும் காத்தவற்றின்மேல் காத்தவற்றை அடுக்கிப் புதிய அமைப்பை எழுப்புகிறது. பிரசங்கபீடத்தில் மைவர்ட்டின் வினாவை எடுத்தாளும் நாம், அதற்குக் கிடைத்த விடைகளையும் மறையாது உரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.