பழைய டீசல் ஜீப்பின் கணக்கு

1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பின்னாளில் டீசலுக்கு நகர்ந்தது. எம்எம் 540 வண்டியில் அமர்ந்தது 2112 சிசி பெஜோ எஞ்சின். மலை எஸ்டேட்டுகளில் அந்த ஜீப் நீண்டகாலம் உழைத்ததற்கு உறுதியே காரணம் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கிங்பின் தேயும், பட்டை ஸ்பிரிங் ஒடியும், கியர்பாக்ஸில் ஆயில் கசியும், ஹீட்டர் பிளக் செத்தால் குளிர்காலையில் எஞ்சின் எழாது, அடித்தகட்டைத் துரு தின்னும். ஆனால் கணினி இல்லாத அந்த எஞ்சினை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் பிரிக்கலாம். அதன் ஆயுளை நீட்டியவை சந்தைப்பேட்டைப் பட்டறைகளே.

அப்படியானால் செலவு மிச்சம்தானே என்று கேட்கலாம். ஒவ்வொரு பழுதும் மலிவுதான்; பழுதுகள் ஓய்வதில்லை. டீசல் பம்பையும் நாசிலையும் சரிபார்க்கத் தனிப் பட்டறை வேண்டும். 15 ஆண்டு கடந்தால் எஃப்சி என்ற தகுதிச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி வேறு. வண்டி நிற்கும் நாளின் வாடகை இழப்பை உரிமையாளர்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.