பிரிக்பீல்ட்ஸ் வீடுகள் யார் பெயரில் இருந்தன?



அண்மையில் பெற்றோர் சந்திப்பு முடிந்ததும் ஒரு தந்தையார் தயங்கியபடி என்னிடம் வந்தார். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பார் என்று எண்ணினேன். அவரோ, "டீச்சர், பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பழைய அடுக்குமாடி வீடு விலைக்கு வருது. அவங்க கேக்குற விலைக்குக் கிட்டவே போக முடியல. எங்க தாத்தா இங்கதான் ரயில்வேல இருந்தாரு. அப்பவே ஒன்ன வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

முதலில் ஒன்றைச் சொன்னேன். கேட்கும் விலை வேறு; விற்ற விலை வேறு. இணையத்திலும் முகவர்களின் கண்ணாடிச் சன்னல்களிலும் நாம் காண்பது விற்பவரின் எதிர்பார்ப்பு மட்டுமே. உண்மையில் கைமாறிய விலையை அறிய, தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடும் விற்பனைப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். ஆயினும் அந்தப் பதிவுகளும் ஆறுதல் தரக்கூடியவை அல்ல. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அது வாங்கத்தக்க வீடு என்பது பொதுவான அளவுகோல். 2014-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அது 4.4 மடங்கு, கோலாலம்பூரில் 5.4 மடங்கு என்று கசானா ஆய்வுக் கழகம் கணக்கிட்டது.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு அங்கேயே நின்று விடை சொல்ல இயலவில்லை. அதனால்தான் இங்கு எழுதுகிறேன்.

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், அத்தாப்புக் கூரைகளை அகற்றிச் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைக் கட்டச் செய்தார். அதற்கு வேண்டிய செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போடத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களும், எழுத்தர் பணிக்கும் நிலையப் பணிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து படித்தவர்களும் வந்தனர். அவர்களுக்கென வரிசை வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன.

அந்தத் தந்தையாருக்கு உரிய விடை இங்கேதான் இருக்கிறது. அவருடைய தாத்தா அந்த வீட்டை வாங்காமல் விட்டுவிடவில்லை. அது விற்பனைக்கு வரவே இல்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பித் தர வேண்டும். நிலம் முழுதும் அரசின் பெயரிலும் இரயில்வேயின் பெயரிலும் இருந்தது. இரயில் பெட்டிகள் நின்ற ஏறத்தாழ 72 ஏக்கர் முற்றத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சுற்றுவட்டார நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. 'நூறு வீடுகள்' என்று மூன்று தலைமுறையினர் அழைத்த பழைய குடியிருப்பு 2010-களின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டது. அங்குப் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே இருந்தது. 2010 அக்டோபரில் இதே வட்டாரத்தில் லிட்டில் இந்தியாவை இரு நாட்டுப் பிரதமர்கள் திறந்து வைத்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பட்டா கையில் இருந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கு அதே நகரிலுள்ள கம்போங் பாருவைப் பாருங்கள். 1900-ஆம் ஆண்டில் மலாய்க்காரர்களின் வேளாண் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட நிலம் அது. 2019-இல் அரசு சதுர அடிக்கு 850 ரிங்கிட் தருவதாகச் சொன்னது. உரிமையாளர்கள் போதாது என்றார்கள். தொகை 1,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பேரம் பேச அவர்களிடம் ஓர் ஆவணம் இருந்தது.

தோட்டப்புறத்திலும் நம் கதை இதுவே. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. பால்மரம் வெட்டியவர்களின் லயங்கள் எவர் பெயரிலும் பதிவாகவில்லை. இந்த ஆபத்தை முன்னுணர்ந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அத்தகைய சங்கம் இன்னும் பத்து இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் பிறந்ததும் கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில்தான். கதவில் சுண்ணாம்பால் எழுதிய எண்ணே எங்கள் முகவரி. தோட்டம் விற்கப்பட்டபோது தந்தையார் தம் சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டினார். 1982 முதல் 25,000 ரிங்கிட் என்றிருந்த அத்தகைய வீட்டின் உச்ச விலை, 1998-இல் இடத்துக்கு ஏற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. பட்டா வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்தருகில் வைத்துக் கும்பிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர், தம் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்.

வீட்டு விலையை நாம் பள்ளியிலும் உணர்கிறோம். இளங்குடும்பங்கள் நகரின் நடுப்பகுதியை விட்டுக் கிள்ளான் பக்கமும் அதற்கப்பாலும் போகின்றன. நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகள் சில முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைத் தேடுகின்றன. கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியோ நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று.

கடந்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பணி கொடுத்தேன். தாத்தா காலந்தொட்டு உங்கள் குடும்பம் வாழ்ந்த வீடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் யார் பெயரில் இருந்தது என்று கேட்டு வாருங்கள் என்றேன். ஒரு மாணவன் ஐந்து வீடுகளை எழுதி வந்தான். முதல் நான்கிற்கு நேராக, இரயில்வே, தோட்டம், புறம்போக்கு, வாடகை என்றிருந்தது. ஐந்தாவதற்கு நேராக "அப்பா" என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் சேர்த்திருந்தான்: "பேங்க் கடன் இன்னும் 22 வருடம்."