நெறியாளரின் நேரம்: அமெரிக்க மருத்துவ ஆய்வில் ஒரு வழித்தடம்

அமெரிக்க மருத்துவ ஆய்வில் நெறியாளர் மரபு வேரூன்றியதற்கு ராணுவக் கட்டாயச் சேவையும் ஒரு காரணம். மருத்துவர்களையும் அழைத்துக்கொள்ளும் சட்டம் 1950இல் வந்தது. பொதுச் சுகாதாரப் பணியில் இரண்டாண்டு இருந்தாலும் அந்தக் கடமை தீரும். என்.ஐ.எச். எனப்படும் தேசியச் சுகாதார நிறுவனங்கள், 1953இல் மேரிலாந்தின் பெதஸ்டாவில் ஆய்வு மருத்துவமனையைத் திறந்து, இளம் மருத்துவர்களை ‘அசோசியேட்’ என்ற பெயரில் சேர்க்கத் தொடங்கின. வியட்நாம் போர் முற்ற முற்ற, அந்த இடங்களுக்குப் போட்டி கடுமையானது.

1968இல் வந்தவர்களில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் ஒருவர். ஐரா பாஸ்டனும் ஜெஸ்ஸி ராத்தும் அவருக்குக் கொடுத்த வேலை இது: ஏ.சி.டி.எச். ஹார்மோனில் கதிரியக்க அயோடினை ஏற்றி, அட்ரீனல் செல்லில் அது போய் ஒட்டும் ஏற்பியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் எதுவும் கைகூடவில்லை. ஆய்வு நமக்கு ஒத்துவராது, மருத்துவப் பணிக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. நெறியாளர்கள் அவரைக் கைவிடவில்லை. 1970இல் முடிவுகள் அச்சேறின. ஏற்பிகள் பற்றிய பிற்கால ஆய்வுக்காக லெஃப்கோவிட்ஸ் 2012இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1968இல் பாஸ்டனிடம் சேர்ந்த ஹெரால்ட் வார்மஸ், மருத்துவத்துக்கு முன் ஆங்கில இலக்கியம் படித்தவர். பாஸ்டனோ எர்ல் ஸ்டாட்மனிடம் பயின்றவர். அந்த ஸ்டாட்மனின் ஆய்வகத்தில்தான் மைக்கேல் பிரவுன் நொதிகளைக் கற்றார். அவருடைய நண்பர் ஜோசப் கோல்ட்ஸ்டீன், மார்ஷல் நிரன்பெர்க்கிடம் வேலை செய்தபடியே, பரம்பரையாகக் கொழுப்பு மிகும் நோயுள்ள குழந்தைகளை மருத்துவமனையில் பார்த்தார். அந்தக் குழந்தைகளின் நோயே இருவரையும் 1985இல் நோபல் வரை கொண்டுசென்றது.

இத்தனை பேரை ஆளாக்கிய நெறியாளர்களிடம் இருந்த பெரும் செல்வம் நேரம்தான் என்பது என் கருத்து. என்.ஐ.எச்.சின் உள் ஆய்வகங்களுக்கு அரசே நேரடியாகப் பணம் தந்தது. நிதிக்காக விண்ணப்பம் எழுதி அலைய வேண்டியதில்லை, வகுப்புச் சுமையும் இல்லை. ஆய்வு மேசைக்கு அருகே நின்று, தோற்ற சோதனையை மாணவரோடு மறுபடி அலச முடிந்தது. இந்த மரபைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: கட்டாயச் சேவை ஆண்களுக்கு மட்டும்தான். அதன் வழியே திறந்த கதவில் பெண்கள் மிகச் சிலரே நுழைந்தார்கள்.

1973இல் கட்டாயச் சேவை நின்றது. பயிற்சியின் சுமை மேன்மேலும் பல்கலைக்கழகங்களின் மேல் விழுந்தது. அங்கே மூத்த ஆய்வாளரே தம் சம்பளத்தின் ஒரு பகுதியை நிதியுதவியிலோ நோயாளிகளைப் பார்த்தோ ஈட்ட வேண்டியிருந்தது. மருத்துவ ஆய்வாளர் அருகிவரும் இனம் என்று ஜேம்ஸ் வைன்கார்டன் 1979இல் எச்சரித்தார்.

மாற்று ஏற்பாடு 1990களின் இறுதியில்தான் உருப்பெற்றது. அப்போது என்.ஐ.எச். இயக்குநர், பாஸ்டனின் பழைய மாணவரான அதே வார்மஸ். டேவிட் நேதன் தலைமையிலான குழுவின் 1997 அறிக்கையை அடுத்து இரண்டு நிதியுதவிகள் பிறந்தன. ‘கே23’ இளையவருக்கு, அவருடைய பணிநேரத்தில் குறைந்தது 75 சதவீதம் ஆய்வுக்கே. ‘கே24’ நடுப்பருவ ஆய்வாளருக்கு. 25 முதல் 50 சதவீத நேரத்தைத் தம் ஆய்வுக்கும் இளையவரை வழிநடத்தவும் ஒதுக்கலாம். நெறியாள்கையை ஓய்வுநேரத் தொண்டாகக் கருதாமல் சம்பளத்துக்குரிய வேலையாக ஏற்றதே இதில் முக்கியமான திருப்பம். ஆனால் தொடங்கிய வடிவில், நோயாளிகளை நேரடியாக ஆராய்பவருக்கே ‘கே24’ உரியது. ஸ்டாட்மனைப் போல் நொதிகளை ஆராயும் நெறியாளருக்கு அதில் இடமில்லை.